ஆறு நொடி தாமதம்

நெட் வேகத்தைக் கூட்டிய மறுநாள் காலையில்தான் அவள் அதைக் கவனித்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கையை மேசைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு, லேப்டாப் திரையின் மூலையில் தபால்தலை அளவுக் கட்டத்துக்குள் இருந்த அவள் நிதானமாகக் கையைத் தூக்கி முடியை ஒதுக்கினாள்.

லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். பயப்பட நேரமில்லாதவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மூன்று மடங்கு வேகம் என்று சொல்லித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியதிலிருந்து கோப்புகள் திறக்க முன்னைவிட நேரமாயிற்று, பேச்சு நடுவில் நின்று நின்று வந்தது, ரவுட்டரின் பச்சை விளக்கு மட்டும் ஏதோ மும்முரமான வேலையில் இருப்பதுபோல ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒன்பது மணி நேரமும் கேமரா ஓட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முகம் இரண்டு நிமிடத்துக்கு மேல் காணாமல் போனால் திரையின் உச்சியில் சிவப்பாக ‘இருக்கை காலி’ என்று வரும். ஒரு மாதத்தில் பத்து முறை வந்துவிட்டால் அலுவலகத்துக்கே போய்விட வேண்டும். அலுவலகம் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அப்பா பத்தடி தள்ளி, அடுத்த அறையில், இடப்பக்கம் முழுக்க விளங்காமல் படுத்திருந்தார்.

ஆகவே எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் செய்யப் பழகியிருந்தாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு நிமிடம். சிறுநீர்ப் பையைக் காலி செய்ய ஒன்றரை. மசித்த சாப்பாட்டை ஊட்டுவதை மட்டும் நான்கு தவணையாகப் பிரித்துக்கொண்டாள். ஒவ்வொரு தவணையிலும் கடைசிக் கரண்டி அவர் வாயில் இருக்கும்போதே எழுந்து ஓடினாள். விழுங்கினாரா என்று திரும்பிப் பார்த்ததில்லை. அந்த ஓட்டத்துக்குத்தான் இப்போது இடைஞ்சல். அவள் வந்து உட்கார்ந்த பிறகும் படத்தில் நாற்காலி வெறுமையாகவே இருந்தது. சிவப்பு எழுத்து வந்தது. அந்த வாரத்திலேயே ஏழு முறை.

அவளைவிடப் பத்து வயது சிறியவளான டீம் லீடர் போனில் கூப்பிட்டாள். “எனக்குப் புரியுதுக்கா. ஆனா மேல இருக்கறவங்க உங்க வீட்டையா பாக்கறாங்க, நம்பரைத்தானே பாக்கறாங்க. இன்னும் மூணுதான் பாக்கி.”

வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் சொன்னதற்கு, ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டுப் பார் என்றான். அப்பா குளியலறையில் விழுந்த அன்றும் அவன் சொன்ன யோசனை ஏறக்குறைய அதுதான்: கொஞ்சம் படுக்கட்டும், எழுந்தால் சரியாகிவிடும்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நெட்காரர் வந்தார். நரைத்த மீசையும் முதுகுப் பையுமாக, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிடுகிற ஆள். எல்லா வீட்டிலும் இதே கதைதான், வேகத்தைக் கூட்டின உடனே மெதுவாகிவிட்டது என்பார்கள், போய்ப் பார்த்தால் மீன் தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்திருப்பார்கள் என்றார். இந்த வீட்டில் மீன் தொட்டி இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வயரை நேராகச் சொருகி வேகத்தை அளந்தார். சொன்ன வேகத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார். டிவியை அணைத்தாள். தன் போனை அணைத்தாள். அப்பாவைக் கவனித்துக்கொள்ள அவர் அறையில் மாட்டியிருந்த சின்ன கேமராவை, மனசில்லாமல், அணைத்தாள். வேகம் கூடவில்லை. பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

படமும் தாமதமாக வருகிறது என்று அவள் சொன்னபோது அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“உங்க மூஞ்சியை நீங்க பாக்கறதுக்கு லைன் எதுக்கு மேடம்? அது உங்க லேப்டாப்புக்குள்ளேயே வர்றது. கண்ணாடி மாதிரி. அது லேட்டாகாது.”

“பாருங்க,” என்று கையைத் தூக்கினாள்.

அவர் சிரித்தபடி எண்ணத் தொடங்கினார். நான்கு வரும்போது சிரிப்பு நின்றது. ஆறில், படத்தில் இருந்தவள் கையைத் தூக்கினாள்.

அவர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை லேப்டாப்பில் திறந்து, இந்த வீட்டு லைனில் என்னென்ன ஏறியிருக்கிறது என்ற பட்டியலைக் காட்டினார். எல்லாவற்றையும் அணைத்தாயிற்று; ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. அவளுடைய லேப்டாப். அதற்குக் கீழே மறுபடி அவளுடைய லேப்டாப். அதே பெயர், எழுத்துப் பிசகாமல் அதே அடையாள எண்.

“இப்படி வராது,” என்றார் மெதுவாக. “ஒரே கைரேகை ரெண்டு பேருக்கு இருக்கற மாதிரி. இதுல ஒண்ணுதான் மொத்தத்தையும் இழுக்குது. ஒண்ணை அழிச்சிட்டா சரியாயிடும். எதைன்னு பாத்தா... ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. மேல இருக்கறதா, கீழ இருக்கறதா மேடம்?”

அந்த நேரம் பார்த்து அப்பா இருமினார். அது தண்ணீருக்கான இருமல் அல்ல, பை நிரம்பிவிட்டதற்கானது. அவள் ஏற்கனவே பாதி எழுந்திருந்தாள். ஐந்து வருடமாக எல்லாவற்றையும் அவளே தீர்மானித்துக்கொண்டிருந்தாள்: எந்த மாத்திரை, எந்த டாக்டர், எந்தப் பக்கம் புரட்டுவது. இதையும் அவளிடமே கேட்கிறார்கள்.

“எதையாவது அழிங்க,” என்றாள்.

பையைக் காலி செய்துகொண்டிருக்கும்போது, “ஆச்சு மேடம்,” என்று அவர் குரல் கேட்டது. திரும்பி வந்தபோது வேகம் முழுசாக ஏறியிருந்தது. அவள் உட்கார்ந்தாள், படத்தில் இருந்தவளும் அவளோடு சேர்ந்தே உட்கார்ந்தாள். வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தன் போனை நீட்டினார். அவள் விரலால் எழுதினாள். கோடு விழவில்லை. மறுபடி எழுதினாள்.

“கை ஈரம் போல,” என்று சொல்லி அவரே ஒரு கிறுக்கலைப் போட்டுக்கொண்டு போனார். கையைத் துடைத்திருந்தோமே என்று அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது.

மறுநாள் மதியம் அப்பா வாந்தி எடுத்தார். விரிப்பை மாற்றி, அவரைத் துடைத்து, வேறு சட்டை போட்டுவிடுவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. எட்டாவது முறை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடி வந்தவள் அறை வாசலில் நின்றாள். நாற்காலி வெறுமையாக இருந்தது. திரையில் சிவப்பு எழுத்து இல்லை. கட்டத்துக்குள் அவள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முடியை ஒதுக்கினாள். முடித்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டாயிற்று.

கத்தியிருக்க வேண்டும். பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று வந்தது. வெகுதூரம் தூக்கி வந்த தண்ணீர்க் குடத்தை யாரோ இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டது போன்ற ஒன்று. அதற்காகத்தான் பின்னால் வெட்கப்பட்டாள். டீம் லீடரிடமிருந்து ஒரு செய்தி வந்து நின்றது: இன்னைக்கு முகம் ரொம்பத் தெளிவா இருக்குக்கா, நல்லாத் தூங்கினீங்களா?

தன் அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தாள். இரண்டு நிமிடம் என்று சொல்லிக்கொண்டாள்.

விழித்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது, தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள், கழுவிய தரையின் மருந்து வாசனை வீடு முழுக்க இருந்தது. அவள் தரையைக் கழுவவில்லை. பிறகு அந்தச் சத்தம். கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியை வழித்து எடுக்கும் சத்தம். ஒரு இடைவெளி. மறுபடி அது. நிதானமாக.

அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதை அவள் சாத்துவதே இல்லை.

உள்ளே அப்பா பேசினார். இழுத்து இழுத்து, அவளுக்கு மட்டுமே புரிகிற அந்தப் பேச்சில்.

“இன்னைக்குத்தான் பாப்பா நீ அவசரப்படாம ஊட்டுறே.”

கைப்பிடியைத் தொட்டாள். திருப்பவில்லை. அப்பா சிரித்த சத்தம் கேட்டது. ஐந்து வருடத்தில் முதல் முறை. உள்ளே எட்டிப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்றுதான் முதலில் தோன்றியது, அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அப்பா அறைக் கேமராவில் பார்க்கலாம் என்று போனை எடுத்தாள்; இரண்டையும் நேற்றே மறுபடி போட்டிருந்தாள். திரையைத் தொட்டாள். அது ஒளிரவில்லை. விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டாள். விரல் காய்ந்துதான் இருந்தது.

லேப்டாப். வேலை அறைக்குப் போனாள்; அது ஓடிக்கொண்டிருந்தது. உச்சியில் சிவப்பாக ‘இருக்கை காலி’. கட்டத்துக்குள் நாற்காலி மட்டும்.

எட்டாவது முறை.

இதை அவளுக்குச் சரிசெய்யத் தெரியும். போய் உட்கார்ந்தாள். முதுகை நேராக வைத்தாள். கேமராவைப் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

படத்தில் நாற்காலி.

நான்கு. ஐந்து. ஆறு.

நாற்காலி.

ஏழு.

கையைத் தூக்கினாள். எட்டு. ஒன்பது. பத்து.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. படத்திலும் அதே நொடியில், நாற்காலிக்குப் பின்னால், கதவு திறந்தது. இப்போது தாமதமே இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி வந்தாள். அவசரமில்லாமல். துண்டை நாற்காலி முதுகில் போட்டாள். உட்கார்ந்திருந்தவள் தோளில் ஈரத்துணி விழுந்தது.

நாற்காலி காலியாகத்தான் இருக்கிறதா என்று வந்தவள் பார்க்கவில்லை. முடியை ஒதுக்கினாள். திரும்பினாள்.

உட்கார்ந்தாள்.

மடியில் கனம் இறங்கியது.

சிவப்பு எழுத்து மறைந்தது.