நாலு இலக்கம்

கடவுச்சொல்லை அடித்து முடிக்கும் முன்பே தொலைபேசி ஒரு தடவை ஒலித்து நின்றது.

விரிவுரையாளர் றம்ஸியா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பின்னேரம் நாலரை. துறைமுகத்தின் மேல் ஹெலி ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் இரைச்சலில் யன்னல் கண்ணாடிகள் விடாமல் நடுங்கின. மூதூரில் சண்டை மூண்டதிலிருந்து வளாகம் பூட்டிக் கிடந்தது. இறுதியாண்டு மாணவர்களின் புள்ளிகளை ஐந்து மணிக்குள் இந்த வாடகை வீட்டிலிருந்தே தொலைபேசி லைன் வழியாகப் பல்கலைக்கழகக் கணினிக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

கைத்தொலைபேசியில் கணினிப் பிரிவு முத்தலிப் காத்திருந்தான்.

"பாஸ்வேர்ட் மட்டும் இனிப் போதாது மிஸ். அதை அடிச்சதும் லைன் கட்டாகும். எங்கட கம்ப்யூட்டர் உங்கட வீட்டு போனுக்கு எடுத்து நாலு இலக்கம் சொல்லும். அதையும் அடிச்சாத்தான் உள்ளுக்கு விடும். பதிய ஒருக்கா, உள்ள போக ஒருக்கா."

அடித்தாள். மணி ஒலித்தது. பதிவுசெய்த பெண்குரல் "ஏழு, இரண்டு" என்றது. பிறகு ஓர் இரைச்சல், அதற்கடியிலிருந்து ஒரு வயதான ஆணின் குரல், யோசித்து யோசித்து: "ஒன்பது... ஒன்பது."

கணினி ஏற்றுக்கொண்டது. பதிந்தாயிற்று; இனி உள்ளே போக இன்னொரு தடவை.

"முத்தலிப், கடைசி ரெண்டையும் ஆம்பிளையா சொல்றது?"

"ஆளே இல்ல மிஸ், மெஷின்தான். வீட்டில வேற போன் இருக்கா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

சொல்லிக்கொண்டே தொலைபேசி வயரைக் கண்ணால் தொடர்ந்தாள். அது சுவரோரமாகக் குசினியைத் தாண்டி, வீட்டுக்காரர் தன் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டுப் போன பின்னறைக் கதவின் கீழே நுழைந்தது. வெளியே பெரிய ஆமைப்பூட்டு. ஈரச்சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றம்.

"நாலு ஐம்பது மிஸ். கெதியா அடிங்க."

அடித்தாள்.

மணி இரண்டு இடத்தில் ஒலித்தது. மேசையில். பூட்டிய அறைக்குள்.

அவள் எடுக்கவில்லை. உள்ளே எடுத்தார்கள்.

கதவுக்குப் பின்னால் அதே குரல். "நாலு. ஒன்று. ஆறு."

நின்றது. காத்திருந்தது.

"மிஸ்? இலக்கம் வந்திட்டா?"

பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. கதவருகே போனாள். ஒவ்வோர் அடியாக.

"மற்ற இலக்கம்?" என்றாள்.

மூச்சுச் சத்தம். பிறகு, தரையோடு தரையாக, அவள் காலடியிலிருந்து:

"மூன்று."

ஓடினாள். அடித்தாள். கணினி திறந்தது. புள்ளிகள் போயின.

"எல்லாம் வந்திட்டு மிஸ்! இனிப் பயமில்ல."

மேசையில் தொலைபேசி நகர்ந்தது. ஒரு விரல் அளவு. வயர் விறைத்திருந்தது. இன்னும் ஒரு விரல். தரையில் விழுந்தது. இழுபட்டது, நின்றது, இழுபட்டது. உள்ளே யாரோ தூண்டில் நூலைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றுவது போல.

கதவடியில் போய் முட்டியது. இடைவெளி போதவில்லை.

வயர் தளர்ந்தது. வெடுக்கென்று இழுபட்டது. தொலைபேசி கதவில் மோதியது.

தட்.

தட்.

தட்.