உரிமையாளர்: நிவேதிதா

கணினி அணைந்துதான் இருந்தது. ஆனாலும் சமையலறைப் பக்கமிருந்து, குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தத்தோடும் எலுமிச்சைச் சோப்பின் வாசனையோடும், அந்தத் தாலாட்டு மெல்லக் கசிந்து வந்துகொண்டிருந்தது. நிவேதிதா எழுந்து போய்ப் பார்த்தாள். ஆள் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அந்த ஃபிளாட்டில் மூன்று வருடமாக வேலை செய்தவள் அஞ்சலை. பாத்திரம் தேய்க்கும்போது தானாகவே தாலாட்டுக் கட்டிப் பாடுவாள். நிவேதிதா அவளுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து, ஏஐக்குக் கொடுத்து, அதே குரலில் பத்துத் தாலாட்டு செய்யவைத்தாள். இணையத்தில் ஏற்றும்போது படிவம் கேட்டது: உரிமையாளர் யார்? குரல் யாருடையது? இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே போட்டாள்.

பாட்டு பரவியது. அஞ்சலை காதிலும் விழுந்தது.

"இன்னா பாப்பா, எங்கொரலு மாதிரியே கீது?"

"இல்லக்கா, அது கம்ப்யூட்டர் பாடுனது."

"அதானே! நான் எங்க போய்ப் பாடுனேன்?" அஞ்சலை சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அந்தச் சிரிப்பு நிவேதிதாவுக்கு அன்று சோறு இறங்கவிடவில்லை. மறுநாளிலிருந்து அஞ்சலை வரவில்லை.

இப்போது ஒரு வாரம். நிவேதிதா, அஞ்சலையின் மகள் ஹேமாவதிக்குப் போன் செய்தாள்.

"அம்மாக்குப் பேச்சே வர்லக்கா. தொண்டையில ஒண்ணுமே இல்லன்றாரு டாக்டரு."

போனை வைத்ததும், பத்துப் பாட்டையும் ஒவ்வொன்றாக அழித்தாள். சமையலறை அடங்கியது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். வெயில் இறங்கிய ஏரிக்கரை, சேற்று வாடை, பின்தெருவில் அஞ்சலையின் ஒற்றை அறை வீடு. உள்ளே பாயில் அஞ்சலை. மடியில் ஹேமாவதியின் கைக்குழந்தை, வீறிட்டு அழுதுகொண்டு. அஞ்சலை அதைத் தட்டிக்கொடுத்தாள். உதடுகள் பாடின. சத்தம் இல்லை.

"ஒரு வாரமா தூங்கவே மாட்டேங்குதுக்கா" என்றாள் ஹேமாவதி.

நிவேதிதா மண்டியிட்டாள். மன்னிச்சிடுக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

தொண்டையில் எதுவோ புரண்டது.

தாலாட்டு வந்தது. அஞ்சலையின் குரலில்.

வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை. மூச்சு முட்டியது. பாட்டு நிற்கவில்லை.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக் கை நீட்டியது. அஞ்சலை அதை மகளிடம் கொடுத்தாள். தவழ்ந்து வந்தாள். நிவேதிதாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, பாடும் வாய்க்குள் இரண்டு விரலை விட்டாள். இன்னும் உள்ளே. மெதுவாக, பொறுமையாக, துழாவ ஆரம்பித்தாள்.