கடுகுக்குப் பக்கத்து இடம்

இதில் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். நடந்தது நடந்தபடி.

பஞ்சில் ஒன்றும் படவில்லை. அதுதான் முதலில் லிஃப்ட்காரரின் கண்ணில் பட்டது. கண் திறக்காத நாய்க்குட்டிகளுக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கிவிட வேண்டும், தாய் இல்லாத இடத்தில் யாராவது வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் தடவுவார், பஞ்சு மஞ்சளாகும். இன்றைக்கு அட்டைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவியும் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பாட்டிலின் ரப்பரை உதட்டில் வைத்தால், விருந்து முடித்து வந்த சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. வயிறுகள் உருட்டி வைத்த மாவாக உள்ளங்கையில் அமர்ந்தன. ரோமம் ஈரமாக இருந்தது. யாரோ உட்காரவைத்துச் சீவிவிட்டது போல ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.

பால்பவுடர் வாங்கத் தெருமுனைக் கடைவரை போய்வந்தார், அவ்வளவுதான். கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டுத்தான் போயிருந்தார்.

அவர் பயப்படவில்லை. மனைவி செத்ததிலிருந்து அவருக்குப் பயம், பசி, கோபம் எதுவும் ஒழுங்காக வருவதில்லை. மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பது போல அவ்வப்போது தன்னையே தட்டிப் பார்ப்பார்; உள்ளே ஒன்றும் இருக்காது. ஆபீஸ் கட்டடம் ஒன்றில் ஆயுசுக்கும் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியின் தங்கை தெருநாய்களுக்குக் காப்பகம் நடத்துகிறாள். சாக்கடைக் குழாய்க்குள் கிடந்த இந்தக் குட்டிகளை அவள்தான் பெட்டியோடு கொண்டுவந்து அவர் மடியில் இறக்கினாள்.

“அத்தான், டிவி வேணாம்னுட்டீங்க. இதையாவது பாருங்க. டிவி மாதிரிதான், என்ன, அப்பப்ப நனையும்.”

“எனக்கு என்னம்மா தெரியும்?”

“பாட்டில் பிடிக்கத் தெரிஞ்சா போதும். மல்லாக்கப் போட்டு மட்டும் குடுத்துடாதீங்க, பால் நுரையீரலுக்குப் போயிடும். ஓடி ஆடுற அளவுக்கு வளர்த்துக் குடுங்க, நல்ல வீடா பார்த்து நான் அனுப்பி வெச்சுடறேன்.” எல்லாவற்றிலும் சிறியதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். “இது மட்டும் தேறாது அத்தான். இது மேல மனசை வெச்சுடாதீங்க.”

மனசை வைப்பதாவது. இருந்தால்தானே வைக்க. ஆனாலும் அன்று மாலையே அதற்குக் கடுகு என்று பெயர் வைத்துவிட்டார். சமையலறைத் தராசில் அதை வைக்கும்போது முள் நேற்றைவிடக் கொஞ்சம் தள்ளிப் போகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நாள் முழுவதிலும் அந்த ஒரு நொடிதான் அவருக்குள் ஏதோ அசையும். கடுகு பிழைக்க வேண்டும். உலகத்தில் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்றைக்கு முள் தள்ளிப் போனது. நன்றாகவே போனது.

மச்சினிக்குப் போன் செய்தார். “நீ இங்க வந்துட்டுப் போனியா?”

“நானா? ஒரு கிழட்டு நாய் என் செருப்பைத் தின்னுட்டு எதிர்ல உட்கார்ந்து ஏப்பம் விடுது, வெறுங்காலோட நான் எங்க வர்றது? ஏன் அத்தான்?”

“ஒண்ணுமில்ல.”

சொன்னால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சொல்லவில்லை. கடுகைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அவரை லிஃப்ட் ஓட்டிய நாளிலிருந்தே தெரிந்த கம்பவுண்டர் அதன் வாயைப் பிளந்து முகர்ந்து பார்த்தார்.

“பவுடர் பால் வாசனையே இல்லையே ஐயா. தாய்ப்பால் இது. தாய் வந்து குடுத்துட்டுப் போகுது.”

“நான் அஞ்சாவது மாடியில இருக்கேன் தம்பி.”

“அதனால என்ன? லிஃப்ட்ல வந்திருக்கும். நீங்க சம்பளம் வாங்கி எத்தனை பேரை ஏத்தி விட்டீங்க, ஒரு நாயை யாரோ சும்மா ஏத்தி விட்டிருக்காங்க.” தன் ஜோக்குக்குத் தானே தொடையில் தட்டிச் சிரித்தார் கம்பவுண்டர்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டார்.

தாழிட்ட பிறகு குட்டிகள் பாட்டிலைத் தொடவில்லை. ரப்பரை நாக்கால் வெளியே தள்ளின. பாலைச் சூடாக்கினார், ஆற்றினார், விரலில் தொட்டு ஈறில் தடவினார். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அவற்றின் அழுகை எண்ணெய் இல்லாத கதவுக் கீலின் சத்தம் போல நாளெல்லாம் வீட்டுக்குள் சுற்றியது.

மறுநாள் மதியம், தெரு வெயிலில் ஓய்ந்து கிடந்த நேரத்தில், லிஃப்ட் வந்தது. கயிற்றின் முனகலைக் கேட்டே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார் அவர். ஆபீஸில் அதை வைத்து டீக்குப் பந்தயம்கூடக் கட்டுவார்கள். ஒரு நாயெல்லாம் மோட்டாருக்கு ஒரு பொருட்டே இல்லை. இது அப்படி ஏறவில்லை. ஆள் நிறைந்து, அதற்கு மேலும் திணித்து, மாடிக்கு மாடி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. ஐந்தாவது மாடியில் நின்றது. கம்பிக் கதவு விலகியது. காலடிச் சத்தம் இல்லை. கதவின் கீழ் இடுக்கு வழியாகப் புளித்த பாலும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை, நாக்கை நீட்டுவது போல மெதுவாக உள்ளே வந்தது. கதவுப் பலகை கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் உப்பியது, அந்தப் பக்கத்தில் யாரோ சாய்ந்து நிற்பது போல.

குட்டிகளின் அழுகை நின்றது. கண் திறக்காத முகங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் கதவுப் பக்கம் திரும்பின.

வெகுநேரம் கழித்து லிஃப்ட் இறங்கியது. கடுகு மறுபடி அழுதது. சாயங்காலத்துக்குள் அழக்கூட அதற்குத் தெம்பில்லை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தார். உடம்பில் சூடு ஏறவில்லை. தராசு முள் திரும்பி வந்துவிட்டது.

“அத்தான், குரலே சரியில்லையே,” என்றாள் மச்சினி போனில். “கடுகு எப்படி இருக்கு?”

“தூங்குது.”

“பொய் சொல்லாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன்.”

அந்த நாளைக்கும் வந்தது. மழையோடு வந்தது. மதியம் கரண்ட் போனது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, அறை ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் உள்பக்கம் போல ஆனது. கரண்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். இவர் வந்து நிற்பவருக்குக் கதவைத் திறந்துவிடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர். அதுவுமில்லாமல் கடுகு அவருடைய உள்ளங்கையில் ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தது. எழுந்தார். தாழ்ப்பாளை நீக்கினார். பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கி, லேசாகக் குனிந்து நின்றார்.

“உள்ளே வாங்க.”

வாசலில் யாரும் இல்லை. கால்மிதி அழுந்தியது. நாற்காலி தானாக நகர்ந்து வழி விட்டது, பெரிய உடம்பு ஒன்று உரசிக்கொண்டு போனது போல. புளித்த பால். ஈர மண். அவர் கை லேசானது. குனிந்து பார்த்தார்.

கையில் கடுகு இல்லை.

பெட்டியிலிருந்து குட்டிகள் எழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்து, வரிசையாக, எதன்மேலும் இல்லாமல் தொங்கின. வாய்கள் இருட்டைக் கவ்வியிருந்தன. முன்னங்கால்கள் காற்றைப் பிசைந்தன. உறிஞ்சும் சத்தம். விழுங்கும் சத்தம். வரிசையின் கடைசியில் கடுகு. அதன் வயிறு அவர் பார்க்கப் பார்க்க நிறைந்தது.

பிழைத்துவிட்டது.

அவருக்குள் ஏதோ அசைந்தது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தார்.

பசி.

கடுகுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே இருட்டு ஈரமாக மினுங்கியது. ஒரு சொட்டு விழுந்தது. தரையில் வெள்ளையாக.

மண்டியிட்டார். கையை ஊன்றினார். கண் மூடிக்கொண்டது. திறக்கப் பார்த்தார். இமைகள் ஒட்டியிருந்தன. பரவாயில்லை என்று இருந்தது. முகத்தை நீட்டித் தேடினார். சூடான, சொரசொரப்பான ஏதோ ஒன்று அவர் கன்னத்தை ஒரே பக்கமாக வழித்தது. பிடரியில் பற்கள் பதிந்தன. வலிக்காமல். பதமாக.

தரை விலகியது.

அவர் வாயைத் திறந்தார்.

பிறகு லிஃப்ட் இறங்கியது, ஏறியதைவிடக் கனமாக.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.