பந்தல் குடித்த தண்ணீர்

காலையில் தேவமலர் பறித்துவிட்டுப் போன இடத்தில், சாயங்காலம் பயற்றங்காய் மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்தது.

செங் வட்டாரத்துத் தொழிற்சாலையிலிருந்து ஆறு மணிக்கு வீடு திரும்பியவள், சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறைப் பின்கதவில் நின்று பார்த்தாள். பந்தலின் கீழ்வரிசையைக் காலையில்தான் மொத்தமாகப் பறித்திருந்தாள்; காம்பு கிள்ளிய பச்சைக் கறை இன்னும் நகத்தில் இருந்தது. இப்போது அதே கணுக்களில் முழங்கை நீளத்துக்குக் காய்கள், காற்றே இல்லாத அந்தக் குறுகிய இடத்தில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. மழைக்கு முந்திய புழுக்கத்தில், மண்வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை எழுந்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலையணையில் இருக்குமே, அந்த வாசனை.

மகள் தாரணி இறந்து நான்கு மாதம். ஏழு வயது. டிங்கி காய்ச்சல்.

விதை அவள் காயவைத்ததுதான். முற்றிய காயை உரித்து, சீனப் புத்தாண்டுக்குக் காசு வைத்துக் கொடுத்த சிவப்பு அங்பாவ் உறைக்குள் போட்டு, மேலே தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். தேவமலர் அதை ஈரத்துணியில் முளைகட்டி, பின்பக்கப் பாத்தியில் ஊன்றினாள். மக்கிய சாணம், அரிசி கழுவின தண்ணீர், மூங்கில் பந்தல். எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள்.

ஒன்றைத் தவிர.

தாரணியின் சாம்பல் சட்டி வீட்டுக்குள் வரக்கூடாதென்று கார் நிறுத்தும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஆண்கள் கடலுக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தபோது, தேவமலர் சட்டியின் சிவப்புத் துணியை அவிழ்த்து, விரல்நுனி அளவுள்ள ஓர் எலும்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "முழுசா கரைச்சிருங்க, அப்பதான் புள்ளைக்குத் தாகம் அடங்கும்" என்று சடங்கு செய்த பண்டாரம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. தாகம் அடங்கினால் போய்விடுவாளே என்றுதான் பயந்தாள். மீதி கடலுக்குப் போனது. அவள் முடிந்துவைத்தது விதைகளுக்கு அடியில் போனது. கணவன் வசந்தனிடம்கூடச் சொல்லவில்லை.

காய்க்க ஆரம்பித்த முதல் வாரமே வீடு கொள்ளவில்லை. புக்கிட் பெருவாங்கில் அவர்கள் இருந்த அந்த வரிசையில் பதினெட்டு வீடு, பதினெட்டுக்கும் கொடுத்தாள்.

"அப்படி என்னம்மா உரம் போடுற? எங்களுக்கும் சொல்லேன் லா" என்று மூலைவீட்டுக் கந்தசாமி சிரித்தார்.

வசந்தன் லாரி ஓட்டிவிட்டு வந்து, தினமும் அந்தப் பொரியலையே கேட்டான். "எம்புள்ள காயவச்ச விதை, மலர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை வழித்துத் தின்றான். தேவமலருக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை.

இப்போது அவள் குழாயைத் திறந்து பாத்திக்குத் தண்ணீர் விட்டாள். தண்ணீர் தேங்கவில்லை. மைலோ பாக்கெட்டின் கடைசிச் சொட்டைக் குழந்தை உறிஞ்சும் சத்தத்தோடு மண் அதை இழுத்துக்கொண்டது. இன்னும் விட்டாள். இன்னும் இழுத்தது.

"அக்கா."

வேலிக்கு அந்தப் பக்கம் சுலைஹா. பக்கத்து வீட்டுக்காரி, சின்னப் பெண் ஹானாவின் அம்மா.

"ஹானா மூணு நாளா தண்ணியா குடிக்கிறாக்கா. கிளினிக்ல சுகர் டெஸ்ட் எடுத்துட்டாங்க, ஒண்ணுமில்லையாம். குடிச்சிட்டு, இன்னும் எத்தன நிமிசம், எத்தன நிமிசம்னு கேக்குறா. என்ன நிமிசம்டீன்னா அழறா."

தேவமலரின் கையிலிருந்து ரப்பர் குழாய் நழுவியது.

கடைசி நாள் வார்டில் தாரணி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தேவமலர் அளந்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "இருபது நிமிசம் பொறுத்துக்கடி கண்ணு" என்றாள். இன்னும் எத்தனை நிமிடம், எத்தனை நிமிடம் என்று கேட்டபடியே தாரணி பத்து நிமிடம் பொறுத்தாள். அதற்குமேல் பொறுக்கவில்லை.

அதைத் தேவமலர் யாரிடமும் சொன்னதில்லை.

சுலைஹா உள்ளே போனதும் மண்வெட்டியை எடுத்தாள். எலும்பைத் தோண்டி எடுக்கவேண்டும். இன்றைக்கே கடலுக்குக் கொண்டுபோகவேண்டும். போகட்டும். குழந்தை குடிக்கட்டும், போகட்டும். "அம்மாதான் தப்பு பண்ணிட்டேன்" என்று முனகிக்கொண்டே வெட்டினாள்.

இப்போதுதான் தண்ணீர் விட்ட மண். ஒரு சாண் ஆழத்தில் அது சுண்ணாம்புப் பொடியாய் உதிர்ந்தது. ஈரமில்லை. புழுவில்லை. வெள்ளை வேர்கள் மட்டும், எல்லாத் திசையிலிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து முடிந்திருந்தன. அந்த இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு குழி.

காலியாக.

மண்ணைச் சலித்தாள். இல்லை. வேரைப் பிய்த்தாள். இல்லை.

கைக்கு எட்டிய காயை அறுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. ஒடித்துப் பிளந்தாள். உள்ளே விதைகள் பச்சையாக இல்லை. வெளுப்பு. சொரசொரப்பு. துளைதுளையாக, ஓரத்தில் தீ தொட்ட கறுப்போடு, அவள் முந்தானையில் முடிந்ததைப் போலவே.

இன்னொரு காய். அதிலும்.

இன்னொன்று.

அத்தனையிலும்.

பதினெட்டு வீடு. எத்தனை கூடை. எத்தனை தட்டு. கடலில் கரைப்பதற்கு இனி எங்கே போய் எதைச் சேகரிப்பாள்?

பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. பின்கதவு திறந்தது. வசந்தன்.

"என்னங்க," என்றாள். "நா ஒரு காரியம் பண்ணிட்டேன்."

 அவன் உதடு வெடித்திருந்தது. ஆறடி ஆள், சிறுபிள்ளை நடப்பதுபோல் பாதங்களை உள்பக்கம் திருப்பி நடந்து வந்து, அவள் முன்னால் மண்டியிட்டான். முகத்தை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான்.

கீழே ஓடிக்கொண்டிருந்த குழாயை எடுத்தாள். வேறென்ன செய்வாள்? ஊற்றினாள்.

தண்ணீர் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவன் தொண்டை அசையவே இல்லை.

பின்சந்தில் செருப்புச் சத்தம். வேலியோரம் ஹானா. அவளுக்குப் பின்னால் சுலைஹா. அப்புறம் கந்தசாமி. அப்புறம் மற்ற வீட்டுக்காரர்கள், வார்டில் தாரணி பார்த்த அதே பார்வையோடு, ஒருவர் பின் ஒருவராக, பொறுமையாக, வாயைத் திறந்தபடி.