மூச்சு அறுவடை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகம் உள்ளவர்கள் சூடத்தைக் கொளுத்தி வையுங்கள், உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன்.

கல்லாங்காட்டூர் கிரஷரின் வாசல் கதவு அன்று சாயங்காலம் தன்ஷிகாவை வெளியே விட மறுத்தது.

தன்ஷிகா அங்கே கழுவுதொட்டியில் வேலை பார்த்தாள். உடைத்த ஜல்லியையும் மணலையும் கழுவினால் கலங்கல் நீர் வரும். முன்பெல்லாம் அதைக் குட்டையில் தேக்கி, சேற்றை எங்கே கொட்டுவது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். நுண்மீட்பான் என்ற இயந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. கலங்கலிலிருந்து கல்மாவை அது கடைசித் துகள்வரை வடித்தெடுத்தது. வெளியேறும் நீரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தக் கல்மாவைக் குழைத்துக் கட்டிய சுவர் அப்பளம் கனத்தில் பத்து மாடியைத் தாங்கியது. ஜல்லியைவிட, ஜல்லி கழுவிய தண்ணீர் பெரிய சரக்காகிவிட்டது.

ஒரே ஒரு குறை. மலையிலிருந்து வந்த எடைக்கும் ஆலையிலிருந்து போகும் எடைக்கும் தினமும் ஒரு சிட்டிகை உதைத்தது. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் வாசலில் எடைக்காவலன் என்ற கதவு. ஆளை ஊடுருவிப் பார்த்து, ஆலையின் கல் யாரிடம் இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

"பொருள் உங்களிடம் உள்ளது. ஒப்படைத்துவிட்டுச் செல்லவும்," என்றது கதவு.

"எங்கிட்ட டிபன் பாக்ஸ்தான்..." தன்ஷிகாவுக்கு மூச்சிரைத்தது. "இருக்குதுங்க."

அதற்கு மேல் அவளுக்கு மூச்சு தாங்காது. அவள் திட்டத் தொடங்கி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் இளமாறன் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிடுவார்.

மேலாளர் பிரணவ் ஓடிவந்து திரையைப் பார்த்தார். "அக்கா, பையில இல்லீங்க. உங்க நெஞ்சுக்குள்ள இருக்குது."

ஆலையின் பொருள் என்பதால் ஆலையே செலவழித்தது. மருத்துவமனையில் உப்புநீர் விட்டு அவள் நுரையீரலைக் கழுவினார்கள், ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். பால்போல் வெளியே வந்த தண்ணீரை வீணாக்காமல் நுண்மீட்பானில் ஊற்றினார்கள்.

வீடு திரும்பிய தன்ஷிகா முதலில் பார்த்தது கட்டிலில் கிடந்த ஈரத்துண்டை.

"ஏனுங்க, ஈரத்துண்டக் கட்டல்ல போடாதீங்க போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, மெத்த நாறிப்போயி போன மாசந்தான வெயில்ல காயவெச்சேன், காதுல என்ன கல்மாவா அடைச்சிருக்குது!"

எல்லாம் ஒரே மூச்சில். இளமாறன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "இன்னுங் கொஞ்சம் திட்டு புள்ள."

ஆலையிலும் ஒரே மகிழ்ச்சி. அவள் நெஞ்சிலிருந்து வந்த மாவின் மென்மையை எந்த இயந்திரமும் எட்டியதில்லை. இந்தத் துகளைப் பிடிப்பதில் நுரையீரலுக்கு நிகரான வடிகட்டி உலகில் இல்லை என்றது ஆய்வகம். மறுநாளே முகக்கவசத்துக்குத் தடை வந்தது. அது விளைச்சலைக் கெடுக்கிறதாம். 'மூச்சுப்பணி' என்று புது வேலையும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஆழமாக இழுத்து விட வேண்டும், அவ்வளவுதான். நெஞ்சு நிறைந்ததும் கழுவி அனுப்புவார்கள். வேலைக்கு வரிசை பேருந்து நிறுத்தம்வரை நின்றது.

பிரணவ் பழத்தட்டோடு தன்ஷிகா வீட்டுக்கு வந்தார். "மொதல் நாற்காலி உங்களுக்குத்தானுங்க அக்கா. ரொம்புனாக் கழுவிக்கலாம், மறுபடி ரொம்புனா மறுபடி கழுவிக்கலாம்."

"என்னைய என்ன குட்டைன்னு நெனச்சீங்களா? இப்பத்தான் மூச்சுன்னு ஒண்ணு வந்திருக்குது. அத வெச்சு நான் படியேறோணும், இவரத் திட்டோணும், சும்மா உக்காந்து சிரிக்கோணும். உங்க வேலையே வேண்டாஞ் சாமி, தட்ட எடுத்துட்டுக் கெளம்புங்க!"

பிரணவ் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டோடு கிளம்பினார்.

தன்ஷிகா சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி அடைத்தாள். இதற்குள் ஆலையில் தூசியை அடக்கும் தண்ணீர்த் தெளிப்பை நிறுத்திவிட்டார்கள். காற்று போகும் இடமெல்லாம் ஆலையின் சரக்கு போகிறது; ஆகவே ஊரே ஆலையின் வயல் என்று தீர்மானமாகிவிட்டது. வேப்பமரம் வெளுத்தது. எருமைகள் வெளுத்தன. தெருவில் பிள்ளைகள் வெள்ளையாக விளையாடின. வீட்டு வாசல்களில் நெஞ்சு கழுவும் வண்டி வந்து நிற்கத் தொடங்கியது.

ஒரு காலையில் பிரணவ் கதவைத் தட்டினார். கையில் டார்ச் அளவுக்கு ஒரு குட்டி எடைக்காவலன்.

"இந்தத் தெருவுலயே உங்க வீட்டுலதான் விளைச்சல் கம்மிங்க. சன்னலக் கொஞ்சம் தொறந்து வைங்க. வேலைக்கு வரவேண்டாம். வீட்டுல சும்மா இருந்தாலே போதும்."

"தொறக்க மாட்டேன்னா?"

பிரணவ் கருவியை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பரவாயில்லீங்க. மூடியுங்கூடக் கொஞ்சம் புகுந்திருக்குது. மெதுவா ரொம்பட்டும்."

"தன்ஷி, இவன உடாத. நல்லாத் திட்டு," என்றார் பின்னால் நின்ற இளமாறன்.

தன்ஷிகா இடுப்பில் கையை ஊன்றி வாயைத் திறந்தாள். பாதித் திட்டில் மூச்சு முட்டியது. இளமாறன் மீதியைச் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் இருமல் வந்தது. பிரணவ் இரண்டு பேரையும் பார்த்து, மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

கல்லாங்காட்டூரில் கிரஷர் இன்னும் வரவில்லை. அடிக்கல் நாட்டு விழா வருகிற ஆவணியில்.