காலி செய்யாத வீடு

விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. மழை சமையலறை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. அவள் கணவர், அந்தப் பகுதியின் வருவாய் ஆய்வாளர், போனை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டார்.

“அணையைத் திறக்கப் போறாங்க. ஆத்தோரத் தெருவைக் காலி பண்ணியாகணும். எல்லாரும் ராத்திரியே பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்க, என் தம்பியைத் தவிர.”

“ஏன் வரலையாம்?”

“வெள்ளம்ங்கிறதே சாக்காம். அவன் வெளிய வந்ததும் நான் வீட்டை இடிச்சிருவேனாம்.”

கொழுந்தன் வீடு கட்டியிருந்தது ஆற்றுப் புறம்போக்கில். பட்டா கேட்டு அண்ணனிடம் வந்தவன் வெறுங்கையோடுதான் திரும்பினான். “மூத்தவன் மனசைக் கெடுத்தது யாரு?” என்று மாமியார் கேட்டபோது, “நான்தான் வேண்டாம்னேன் அத்தை” என்று இவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அண்ணன் தம்பி உறவாவது பிழைக்கட்டும் என்று நினைத்தாள். அதுவும் பிழைக்கவில்லை. அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு இவளை அழைப்பதும் நின்றுபோனது. கணவர் உண்மையைச் சொல்ல வாயே திறக்கவில்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்வது ஆபீஸில் பழகிய பழக்கம் போலும்.

“நான் போய்க் கூட்டிட்டு வரேன்,” என்று குடையை எடுத்தாள்.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு சத்தமில்லாமல் ஓடியது.

கொழுந்தன் வாசலை மறித்து நின்றான். பின்னால் அவன் மனைவி பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குப் பட்டாவைத் தடுத்தீங்க. இன்னைக்கு வீட்டையே புடுங்க வந்தீங்களா, அண்ணி?”

“செத்தாலும் இங்கதான்டி சாவோம். போய் உன் புருஷன்கிட்டச் சொல்லு,” என்றாள் கட்டிலில் கிடந்த மாமியார்.

அவள் உள்ளே நுழைந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, நான் இங்கயே இருக்கேன். என்னை உள்ள வச்சுக்கிட்டு உங்க அண்ணன் இடிச்சிருவாரா? நீங்க அத்தையையும் பிள்ளைங்களையும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க தம்பி. நீங்க வர்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்.”

கொழுந்தன் திகைத்தான். மனைவி பார்த்த பார்வையில் அவன் தலை தாழ்ந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டான்.

அவர்கள் போன சற்று நேரத்தில் கொல்லைக் கதவுக்கடியில் தண்ணீர் புகுந்தது. பாத்திரங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஓடிவிடலாம்தான். ஆனால் ஏமாற்றிக் கிளப்பிவிட்டாள் என்ற பேச்சு சாகும்வரை போகாதே... அவள் கட்டில்மேல் ஏறிக்கொண்டாள். எங்கோ அடியில் சுவர் விரிசல் விடும் சத்தம் கேட்டது.

தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் முகமெல்லாம் கண்ணீர்.

“அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒருநாள் ஆறு வரும்னு அவர்தான் பட்டா தரலையாம். நீங்க எங்களுக்காக அவர் கால்ல விழுந்தீங்களாம். ஏன் அண்ணி மறைச்சீங்க? நாங்க உங்களை என்னென்ன பேசினோம்...”

“அதெல்லாம் இப்ப எதுக்குத் தம்பி? வீட்டுல எடுக்க வேண்டியதை எடுங்க.”

“எடுக்கத்தான் வந்தேன்,” என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

அவர்கள் மேட்டை எட்டியபோது பின்னால் வீடு மொத்தமாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டது. கொழுந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் கீழே இறக்கிவிடவும் இல்லை.