எப்போ ஆரம்பிச்சது?

டம்ளர் கையை விட்டுப் போனதே ஏலக்காரருக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தார். தரையெல்லாம் டீ, விரல்கள் மட்டும் இன்னும் டம்ளரைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தன. அது காலையில். சந்தையில் ஆயுசு பூராவும் தொண்டை கிழியக் காய்கறி ஏலம் போட்ட மனுஷன், மகனைக் கூப்பிட வாயைத் திறந்தார். "சரி" என்று வந்தது. "சரி, சரி, சரி." வேறொரு வார்த்தை வரவில்லை.

"என்ன சரி? ராத்திரி போட்ட சண்டைக்கு இப்ப நடிப்பா?" என்றான் மகன், செருப்பை மாட்டிக்கொண்டே. மருமகள் தரையைத் துடைத்தாள். இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள். வெளியே பூட்டு விழுந்தது. கதவுப் பக்கம் போக எழுந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை யாரோ மறந்துபோட்ட சாமான் மாதிரி பக்கத்தில் கிடக்க, ஃபிரிட்ஜ் உறுமி உறுமி அடங்குவதும், தன் மேலிருந்தே கிளம்பிய மூத்திர வாடையும், சுவரில் மெல்ல நகர்ந்த ஜன்னல் கம்பிகளின் நிழலுமாகப் பகல் முழுக்கத் தரையில் கிடந்தார்.

சாயங்காலம் வந்து பார்த்து அலறினார்கள். ஆனாலும் துணி மாற்றி, தலைவாரித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரி. கோணிய வாயைப் பார்த்தாள், எழாத கையைப் பார்த்தாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றாள்.

"எப்போ ஆரம்பிச்சது? கரெக்டா சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து ஏத்தலாம். ரொம்ப நேரம் தாண்டியிருந்தா அதே மருந்து மூளைக்குள்ள ரத்தத்தைக் கசிய விட்டுடும். உயிருக்கே ஆபத்து."

மகன் மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னான். "இப்பதான் டாக்டர். அரை மணி முன்னாடி நல்லா பேசிட்டிருந்தார்."

அடப்பாவி! அப்பனைப் பூட்டிப் போட்டவன் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களாம். அந்த மானத்துக்கு என் உயிரா?

"என்னங்க..." என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரு."

அவள் மாமனாரின் தலைமுடியைச் சரிசெய்தாள்.

டாக்டர் குனிந்தாள். "ஐயா, அரை மணி முன்னாடிதானா?"

"சரி."

இல்லை என்று தலையாட்டத்தான் நினைத்தார். தலை ஆமாம் என்று ஆடியது.

"மருந்து ஏத்திடலாமா?"

"சரி, சரி, சரி."

இடது கை நல்ல கை. வீசி டாக்டரின் கோட்டைப் பிடித்தார். "பயப்படாதீங்கப்பா" என்று மகன் அந்தக் கையைப் பிரித்தெடுத்து, தன் இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டான். பாசம் என்று நர்ஸ் நினைத்திருப்பாள்.

மருந்து இறங்கியது. குழாய் வழியே. சத்தமே இல்லை.

மகன் காதோரம் குனிந்தான். அழுதான். "குணமாயிடும்ப்பா. குணமானதும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தலைக்குள் இடது பக்கம் ஏதோ வெதுவெதுப்பாக ஊறியது. பரவியது. பார்வையில் வலப்பக்கத்துத் திரைச்சீலை காணாமல் போனது. அங்கே நின்ற நர்ஸும் மறைந்தாள். மகன் முகத்தில் ஒரு கண் போனது. ஒரு கன்னம்.

மகனின் மிச்சமிருந்த பாதி வாய் சிரித்தது.

"பாருங்க டாக்டர்" என்றது, "அப்பா இப்ப அமைதியாயிட்டார்."